குழந்தையின் அழுகுரல் கேட்டால்...

 

ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு மாறும் நேரத்தைப் பாருங்கள். கம்பெனி பஸ்ஸில் ஏறும் பெண்களில் எத்தனையோ பேர் தாய்மார்கள். "பிள்ளையை விட்டுவிட்டுச் சம்பாதிக்க வேண்டுமா?" என்று அவர்களைப் பற்றிப் பேசுகிறோம். நம் பாட்டிமார்கள் கிருஷ்ணகிரி மாந்தோப்புகளிலும், பட்டுப்புழு வளர்ப்பிலும் உழைக்கவில்லையா? அன்று பிள்ளை பக்கத்திலேயே தூளியில் தூங்கியது. இன்று வேலை செய்யும் இடம் தூரமாகிவிட்டது. மாறியது அவ்வளவுதான்.

இந்த ஏச்சு நம் ஊரில் மட்டுமல்ல. ஜெர்மனியில் இப்படிப்பட்ட தாயை 'அண்டங்காக்கைத் தாய்' என்பார்கள். குடும்பக் கடமைக்கு இடையூறு இல்லாவிட்டால்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்ற சட்டம் மேற்கு ஜெர்மனியில் 1977 வரை இருந்தது.

மார்க்கம் என்ன சொல்கிறது? ஜாபிர் (ரலி) அவர்களின் சிறிய தாயார் தலாக் ஆகி இத்தாவில் இருந்தபோது, தமது பேரீச்ச மரங்களில் காய் பறிக்கப் புறப்பட்டார். ஒருவர் அதட்டினார். நபி (ஸல்) அவர்களோ, போய்ப் பறிக்கலாம், அதிலிருந்து தர்மம் செய்யக்கூடும் என்று அனுமதித்தார்கள் (முஸ்லிம்).

இன்னொன்றைச் சிந்தியுங்கள். நீண்ட நேரம் தொழ நினைத்து நின்ற நபி (ஸல்) அவர்கள், குழந்தை அழும் சத்தம் கேட்டால் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் (புகாரி). "குழந்தையோடு ஏன் வந்தாய்?" என்று அந்தத் தாயைக் கேட்கவில்லை. தம்முடைய தொழுகையைத்தான் மாற்றிக்கொண்டார்கள்.

நாம் எதை மாற்றிக்கொண்டோம்?

கணவர்களே! வீட்டில் இருக்கும்போது நபி (ஸல்) அவர்கள் குடும்பத்தாரின் வேலைகளில் உதவினார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி). நைட் ஷிப்டு முடிந்து வரும் மனைவிக்கு ஒரு டீ போட்டுக் கொடுப்பது சுன்னத்துக்கு நெருக்கமானது. அவள் சம்பளம் அவளுடையது; குடும்பச் செலவு உங்கள் கடமை. அவள் மனமுவந்து கொடுத்தால் அது அவளுக்கு ஸதகா.

தொழில் நடத்துபவர்களே! 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்கிறது சட்டம். அது சலுகை அல்ல, அமானிதம்.

மாமியார்களே! பேரனைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் மருமகளைக் குத்திப் பேசி, அந்த நன்மையைக் கரைத்துவிடாதீர்கள்.

தாய்மார்களின் சுமையை இலேசாக்கும் சமுதாயமாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.