காலியாக விட்ட வரி

2008 அக்டோபர் கடைசி வாரம். எங்கள் ஊர் நூலகத்தைச் சுற்றி வரிசை மூன்று முறை வளைந்து நின்றது. குடியுரிமை வாங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எனக்கு அது முதல் வாக்கு. எனக்கு முன்னால் ஒரு கறுப்பினப் பாட்டி, ஊன்றுகோலும் மடக்கு நாற்காலியுமாக, வரிசை நகர நகர நாற்காலியை நகர்த்திக்கொண்டே வந்தார். மஞ்சள் அட்டையை இயந்திரத்தில் செருகி ஒபாமா பெயருக்கு நேரே விரல் வைத்தபோது என் கை நடுங்கியது.

அதற்குப் பிறகும் பக்கம் பக்கமாகப் பெயர்கள். ஜார்ஜியா மாநிலப் பொதுச் சேவை ஆணையம் என்று ஒரு தலைப்பு. ஆணையத்தின் ஓர் இடத்துக்கு மூன்று பெயர்கள். இன்னோர் இடத்துக்கு இரண்டே பெயர்கள்: பதவியில் இருந்த குடியரசுக் கட்சிக்காரர் டக் எவரெட், லிபர்டேரியன் கட்சியின் ஜான் மாண்ட்ஸ். நான் தேடிய ஜனநாயகக் கட்சி அங்கே ஆளே நிறுத்தவில்லை. தாண்டிப் போய்விட்டேன். கடைசிப் பக்கத்தில் இயந்திரம் அதைச் சுட்டிக்காட்டியது, இந்த இடத்தில் நீங்கள் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று. இருக்கட்டும் என்று பொத்தானை அழுத்தினேன். வெளியே வரும்போது பீச் பழம் போட்ட ஸ்டிக்கர் ஒன்று கொடுத்தார்கள். அதைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு அன்று முழுவதும் பெருமையோடு திரிந்தேன்.

அந்த ஒரு வரியைக் காலியாக விட்டது சரிதானா என்ற கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

இந்த ஆணையம் என்ன செய்கிறது என்று நம் ஊர் வாசகருக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மின்கட்டணத்தை முடிவு செய்யும் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அரசு ஆட்களை நியமிக்கிறது. அமெரிக்காவிலும் பெரும்பாலான மாநிலங்களில் நியமனம்தான். ஜார்ஜியா உட்பட ஏறத்தாழப் பத்து மாநிலங்களில் மட்டும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜார்ஜியாவில் 1879-இல் ரயில்வே கட்டணத்தைக் கட்டுப்படுத்த ஏற்பட்ட ஆணையம் இது. 1922-இல் இப்போதைய பெயர் வந்தது. ஐந்து பேர், ஆறு ஆண்டுப் பதவி. ஒவ்வொருவரும் தத்தம் வட்டாரத்தில் குடியிருக்க வேண்டும், ஆனால் வாக்களிப்பது மாநிலம் முழுவதும். இந்த முறை கறுப்பின மக்களின் வாக்குக்கு வலுவில்லாமல் செய்கிறது என்று வழக்கு நடந்து 2022 தேர்தலே நின்றுபோனது. மேல்முறையீட்டில் பழைய முறையே நிலைத்தது.

என் வீட்டுக்கு மின்சாரம் தருவது ஒரு கூட்டுறவுச் சங்கம். அதன் கட்டணத்தை இந்த ஆணையம் நிர்ணயிப்பதில்லை. அதாவது நான் தாண்டிப்போன வரிக்கும் என் கரண்ட் பில்லுக்கும் சம்பந்தமே இல்லை. அது அடுத்தவர் பில். இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் சுலபமாகத் தாண்டியிருப்பேனோ என்று நினைக்கும்போதுதான் உறுத்துகிறது.

மாண்ட்ஸ் தோற்றார். மூன்றில் ஒரு பங்கு வாக்கு, பத்து லட்சத்துக்கும் மேல். லிபர்டேரியன் கட்சி 1971-இல் தொடங்கியது. அதன் ஜனாதிபதி வேட்பாளர் எவருமே அதுவரை தேசம் முழுவதிலும் சேர்த்து அவ்வளவு வாக்கு வாங்கியதில்லை. இரண்டு வருடம் கழித்து அவரே ஆளுநர் பதவிக்கு நின்றார். அங்கே இரண்டு பெரிய கட்சிகளும் இருந்தன. நூற்றுக்கு நான்கு பேர் போட்டார்கள். அதே மனிதர், அதே கொள்கை. அப்படியானால் 2008-இல் விழுந்த பத்து லட்சம் யாருடையது? பெரும்பகுதி அவருடையதல்ல, பதவியில் இருப்பவர் வேண்டாம் என்று சொல்ல வந்து, சொல்ல வேறு இடமில்லாமல் அந்தப் பெயருக்குப் போட்டவர்களுடையது.

சென்னையில் தத்துவம் எம்.ஏ. படித்தபோது மீமாம்சைக்கு ஒரு தாள் இருந்தது. வகுப்பில் பாதிப்பேர் தூங்குவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. கர்மத்தை மீமாம்சகர்கள் பிரிப்பார்கள். மழை வேண்டும், பிள்ளை வேண்டும், சொர்க்கம் வேண்டும் என்று செய்வது காமியம். அன்றாடம் செய்தே தீரவேண்டியது நித்தியம். நித்தியத்தைச் செய்தால் புதிதாக ஒரு பலன் கிடைத்துவிடாது, செய்யாமல் விட்டால் குற்றம் வந்து சேரும். அந்தக் குற்றத்துக்குப் பிரத்தியவாயம் என்று பெயர். பிரபாகரர் வழியினர், விதி இருக்கிறது, அது போதும், பலனைத் தேடாதே என்பார்கள். குமாரிலர் வழியினர் விடமாட்டார்கள்: ஏதோ ஒரு பயன் கருதாமல் எந்த மனிதனும் கையைத் தூக்கமாட்டான், பயனைச் சொல் என்பார்கள்.

ஜெயிக்கவே முடியாத இடத்தில் வேட்பாளராக நிற்பவர் செய்வது இதில் எது? குமாரிலர் கேட்டால் லிபர்டேரியன் கட்சியிடம் ஒரு பதில் இருக்கிறது. ஜார்ஜியாவில் மாநிலம் தழுவிய ஏதாவது ஒரு பதவிக்கு, பதிவான வாக்காளர் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவு வாக்கு வாங்கினால், அடுத்த முறை கையெழுத்து வேட்டை இல்லாமலே அந்த வகைப் பதவிகளுக்கு வாக்குச்சீட்டில் இடம் உண்டு. அமெரிக்கக் கீழவைத் தொகுதிக்கோ நூற்றுக்கு ஐந்து பேரின் கையெழுத்து வேண்டும். 1943-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு எந்த மூன்றாம் கட்சியும் அதைத் தாண்டி வாக்குச்சீட்டில் ஏறியதில்லை. ஆகவே இந்த ஆணையப் போட்டி அவர்களுக்கு உயிர்மூச்சு. சுத்தமான நிஷ்காமியம் இல்லை. அதனால் எனக்கு அவர்கள் மேல் மதிப்புக் குறையவும் இல்லை. கோயிலுக்குப் போகிறவர் வழியில் கறிகாயும் வாங்கிவந்தால் தரிசனம் பொய்யாகிவிடாது.

எனக்கும் அந்தக் கட்சிக்கும் வெகுதூரம். என் அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். புயல் ஓய்ந்ததும் முதலில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் அவர். சைக்கிள் கேரியரில் கயிறும், கைப்பிடியில் ரப்பர் சுற்றிய கட்டிங் பிளேயரும் இருக்கும். கரண்ட் கொடுப்பது அரசாங்கத்தின் வேலை என்று நம்பி வளர்ந்தவள் நான். அரசின் கை எங்கும் சுருங்க வேண்டும் என்பது லிபர்டேரியன் வாதம். விலையை அரசு நிர்ணயிக்கக் கூடாது என்கிறவர், விலை நிர்ணயிக்கும் நாற்காலிக்கே வாக்குக் கேட்பது முதலில் எனக்கு முரணாகப்பட்டது. யோசித்தால் முரண் அவரிடம் இல்லை. 1973-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இந்தப் பகுதிக்கு இந்த நிறுவனம் என்று எழுதிக் கொடுத்தது. ஒரு வீட்டுக்காரர் விலை கட்டுப்படியாகவில்லை என்று அடுத்த கடைக்குப் போக வழியில்லை. கடையில் வேண்டாம் என்று சொல்லும் உரிமையை வாங்கிக்கொண்ட அரசு, அதை வேறெங்கே திருப்பிக் கொடுத்தது? அந்த ஐந்து நாற்காலிகளுக்கான தேர்தலில் மட்டும்தான். அங்கே ஒரே பெயர் இருந்தால் அதுவும் இல்லை.

இதை எனக்குப் புரியவைத்தவர் மீமாம்சகர்கள் அல்லர், என் மாமியார்.

அத்தை நகருக்கு உள்ளே, முதியோருக்கான அடுக்ககத்தில் தனியாக இருந்தார். அவருக்கு மின்சாரம் தந்தது, இந்த ஆணையம் கட்டணம் நிர்ணயிக்கும் நிறுவனம். தன் கரண்ட் பில்லைத் தானே கட்டுவார், ஆனால் கட்டுமுன் ஒவ்வொரு வரியும் என்னவென்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். 2011 ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேசையில் பில்லை விரித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புதிதாக வந்திருந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"இது என்னம்மா, மூணு டாலர் சொச்சம்? போன மாசம் இல்லியே."

"அணுமின் நிலையம் கட்டறாங்க அத்தை. அதுக்கு."

"அங்கேருந்தா நமக்குக் கரண்ட் வருது?"

"இன்னும் இல்ல. 2016-ல வரும்ங்கறாங்க."

விரல் விட்டு எண்ணினார். "அப்ப எனக்கு எண்பத்திரெண்டு" என்றார்.

சவானா ஆற்றங்கரையில் வேய்ன்ஸ்பரோ பக்கம் உள்ள வோகிள் நிலையத்தின் மூன்றாவது, நான்காவது உலைகள் அவை. 2009 மார்ச்சில் ஆணையம் அனுமதி தந்தது. நான் வாக்குச்சீட்டில் அந்த வரியைத் தாண்டிப்போய் ஐந்தே மாதத்தில். அதே ஆண்டு சட்டமன்றம் இன்னொரு வழியும் திறந்தது: கட்டி முடிக்குமுன்பே, கட்டுமானத்துக்கான நிதிச் செலவை வாடிக்கையாளர் பில்லில் வசூலிக்கலாம். இப்போதே வாங்கினால் வட்டிக்கு வட்டி ஏறாது, பின்னால் சுமை குறையும் என்பது ஆதரித்தவர்கள் வாதம். கணக்கில் அது சரிதான். ஆனால் கணக்கு, இன்று கொடுப்பவரும் நாளை பெறுபவரும் ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டு போடப்பட்டது.

நான் பக்குவமாக ஏதோ சமாதானம் சொன்னேன். வருங்காலப் பிள்ளைகளுக்காக, நம் ராஜராஜன் காலத்து நந்தா விளக்கு மாதிரி என்றேன். தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு விட்டுவைப்பார்கள். நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்ததற்கு ஈடாகக் குட்டி வளர்ந்து மந்தை குறையாமல் நிற்க வேண்டும் என்பதால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். கொடுத்தவன் போய் ஆயிரம் வருடம் ஆனாலும் விளக்கு எரிய வேண்டும்.

அத்தை தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். மாசாமாசம் கார்த்திகைக்கு எண்ணெய் கொண்டுபோன கை அது. பில்லை மடித்தார்.

"விளக்குக்குக் குடுத்தா, எரியறதப் பாக்க நாம இருக்கணும்னு இல்லம்மா. ஆனா அது நாம எடுத்துக் குடுக்கறது. இது எடுத்துக்கறாங்க. யாரு கேட்டா என்ன?"

நான் படித்த எம்.ஏ.வில் இதற்குப் பதில் இல்லை. தானத்துக்குச் சங்கல்பம் வேண்டும். நான் இன்னார், இதை இன்னதற்காகத் தருகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அது தானம். வாய்விட்டுச் சொல்லும் இடம் என்றால், மாட்டேன் என்றும் சொல்ல முடிகிற இடமாக அது இருக்க வேண்டும். ஜெயிக்க முடியாதவர் மெனக்கெட்டு நிற்பதன் பொருள் எனக்கு அப்போது வேறாகத் தெரிந்தது. அவர் அந்த இடத்தைத் திறந்து வைக்கிறார். அது அவருக்குப் பலன் தருகிற வேலை அல்ல. யாரும் செய்யாமல் போனால் குற்றம் எல்லார் மேலும் விழுகிற வேலை. அதே கணக்கில், அவர் திறந்து வைத்த வாசல் வழியாகப் போகாமல் தாண்டிப்போன என் மேலும் பிரத்தியவாயம் உண்டு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை லேசில் தள்ள முடியாது. மூன்று பேர் நிற்கும் இடத்தில் மூன்றாமவர் வாக்கைப் பிரிக்கிறார். ஜார்ஜியாவில் பாதிக்கு மேல் வாங்கினால்தான் வெற்றி. இல்லாவிட்டால் முதல் இருவருக்குள் இரண்டாம் சுற்று. 2020-இல் ஆணையத்தின் ஓர் இடத்துக்கு லிபர்டேரியன் வேட்பாளர் நூற்றுக்கு மூன்று போல வாங்கினார். முதலிடத்தில் இருந்தவர் பாதியைத் தொடும் தூரத்தில் நின்றுபோய், 2021 ஜனவரி 5 அன்று மாநிலம் மறுபடி வாக்களிக்க வேண்டியிருந்தது. பலனில் எனக்கு ஆசையில்லை என்று சொல்லிவிட்டு, தன் செயலால் பிறருக்கு நேர்வதற்கு நான் பொறுப்பில்லை என்று ஒருவர் நழுவ முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். பலனை விடச் சொன்ன கீதைதான் லோகசங்கிரகத்தையும், உலகம் சிதறாமல் காப்பதையும், கண்முன் வைக்கச் சொல்கிறது. விடச் சொன்னது தனக்கு வரும் பலனை. ஊரார் படும் பலனை அல்ல. எனவே மூன்று பெயர் உள்ள இடத்தில் நிற்பவர் இன்னும் அதிகமாக யோசித்துத்தான் நிற்க வேண்டும். இரண்டே பெயர் உள்ள இடத்தில் நிற்பவருக்கு இந்தச் சங்கடமே இல்லை. அவர் யார் வாக்கையும் பிரிக்கவில்லை.

2012-இல் அதே அச்சு திரும்பவும் வந்தது. பதவியில் இருந்த குடியரசுக் கட்சிக்காரர் ஸ்டான் வைஸ். எதிரே லிபர்டேரியன் டேவிட் ஸ்டேபிள்ஸ். ஜனநாயகக் கட்சி இல்லை. அத்தையை நான்தான் காரில் அழைத்துப்போனேன். மாதிரி வாக்குச்சீட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தேன்.

"இவரு ஜெயிப்பாரா?"

"மாட்டார் அத்தை."

"உங்க கட்சி இல்லியே."

"இல்ல."

கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுத்துக்கூட்டிப் படித்தார், உள்ளே போய் மறந்துவிடாமல் இருக்க இரண்டு தடவை. அவர் முதலில் போனார், பின்னால் நான். அந்த வரி வந்தபோது இம்முறை தாண்டவில்லை. அந்த முறையும் பத்து லட்சத்துக்கு மேல், மூன்றில் ஒரு பங்கு, தோல்வி.

அத்தை 2019-இல் போய்விட்டார், எண்பத்தைந்து வயதில். மூன்றாவது உலை வணிக உற்பத்தியைத் தொடங்கியது 2023 ஜூலை 31 அன்று, நான்காவது அடுத்த ஏப்ரலில். ஆரம்பத்தில் சுமார் 1,400 கோடி டாலர் என்று சொன்ன வேலை 3,000 கோடியைத் தாண்டி நின்றது. 2025 நவம்பரில் ஆணையத்தின் இரண்டு இடங்களை ஜனநாயகக் கட்சி பெரும் வித்தியாசத்தில் வென்றபோது மின்கட்டணம்தான் எங்கும் பேச்சு. நானும் வாக்களித்துவிட்டு வந்து, அலமாரியிலிருந்து அத்தையின் கோப்பை எடுத்தேன். பில்கள் மாத வரிசையில் இருக்கின்றன. 2011-க்குப் பிறகு ஒவ்வொன்றிலும் அந்த ஒரு வரிக்குக் கீழே பென்சில் கோடு. கோப்பின் உள் அட்டையில், ஓரம் சுருண்டு, 2012-இன் பீச் பழ ஸ்டிக்கர்.