கடைசிப் பந்தி

புதுச்சேரி ராஜா தியேட்டர் சிக்னல். சாயங்கால நெரிசல். பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம். இண்டு இடுக்கில் புகுந்தாவது எல்லா வண்டியும் ஒதுங்குகிறது. யாராவது முணுமுணுக்கிறார்களா? மாட்டார்கள். ‘இன்னிக்கு யாருக்கோ, நாளைக்கு நமக்கு’ என்று தெரியும்.

இன்டர்நெட்டிலும் இதே கதைதான். பாரீஸில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அதே நேரம் உங்கள் கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு ஏதோ அப்டேட்டை இறக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பாதை. பேச்சு அரை நொடி தாமதித்தாலே எரிச்சல். அப்டேட் அரை மணி நேரம் கழித்து வந்தால் என்ன குடி முழுகிவிடும்? அவசரமில்லாதது ஒதுங்கி நிற்கட்டும் என்று முடிவு செய்தார்கள் பொறியாளர்கள். 2012-ல் விதிமுறையாக வெளியான ‘லெட்பேட்’ அந்த ரகம். வழியில் வரிசை நீண்டு, தாமதம் நொடியில் பத்தில் ஒரு பங்கை நெருங்கினாலே தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வழி காலியானால் மறுபடி ஓடும்.

நல்ல பிள்ளை, இல்லையா? ஆனால், வழி காலியாகவே இல்லையென்றால்? முன்னுரிமைக்காரர்கள் வந்துகொண்டே இருந்தால், கடைசி வரிசைக்கு முறையே வராது. இதற்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர், ‘பட்டினி’!

மருந்தும் கண்டுபிடித்திருக்கிறார்கள். காத்திருக்கக் காத்திருக்க முன்னுரிமையை ஏற்றிக்கொண்டே போவது ஒரு வழி. எத்தனை நெரிசலிலும் கடைசி வரிசைக்கென்று துளியூண்டு பங்கை ஒதுக்கிவைப்பது இன்னொரு வழி. நம்ம ஊர் கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டிகளை நிறுத்தி, நடக்கிறவர்களிடம் சாலையை ஒப்படைக்கிறார்களே, அந்த மாதிரி.

2019-ல் இந்தக் கடைசி வகுப்புக்கென்றே ஒரு இணைய விதிமுறை எழுதினார்கள். அதில் ஓர் எச்சரிக்கை உண்டு. வாடிக்கையாளரின் வழக்கமான போக்குவரத்தை இந்த வகுப்பில் தள்ளக் கூடாது. நான் புரிந்துகொண்டது இதுதான்: ‘எனக்கு அவசரமில்லை’ என்பதைச் சம்பந்தப்பட்டவர் சொல்ல வேண்டும். நடுவில் இருப்பவர் சொல்லக் கூடாது.

இப்போது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, வீட்டைப் பாருங்கள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியில் மிஞ்சியதைப் போட்டுக்கொண்டு உட்காருகிறார் ஒருவர். அம்மாவோ, மனைவியோ. அவரை அந்த வரிசையில் நிறுத்தியது யார்? ‘அவங்களுக்கு அதுதாம்ப்பா பிடிக்கும்’ என்போம். பிடிக்குமா என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? பழகிப்போனதும் சம்மதித்ததும் ஒன்றல்லவே!

விட்டுக்கொடுப்பது பெரிய குணம்தான். ஆனால், விட்டுக்கொடுப்பவருக்கும் முறை வரும் என்றால்தான் அது குணம். இல்லாவிட்டால், அது பட்டினிக்கு நாம் வைத்த அழகான பெயர். சிக்னலில் ஒதுங்கியவருக்கு இரண்டே நிமிஷத்தில் பச்சை விழுந்துவிடுகிறது. வீட்டில் ஒதுங்கியவருக்கு?

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். முதல் தட்டை அவர் முன்னால் வையுங்கள். பரிமாறுவது நீங்களாக இருங்கள்.