பிறவிநோயும் பழிச்சொல்லும்

மாதந்தோறும் வைத்தியசாலைக்குச் சென்று இரத்தம் ஏற்றிக்கொள்ளும் மாணாக்கன் ஒருவன் எமது வகுப்பிலே கற்கின்றான். அவனுக்குள்ள வியாதி தலசீமியா. சென்ற தவணையில் அவன் தாயார் விடுமுறைக் கடிதத்தோடு வந்து நின்றபோது, உடனிருந்த உபாத்தியாயர் ஒருவர், "தாய் தகப்பன் செய்த பாவம் பிள்ளையின் தலையிலே" என்றார். அவ்வம்மையார் கேட்டும் கேளாதவர்போலச் சென்றனர். யாமும் வாளாவிருந்தோம். அம்மௌனமே இதனை எழுதத் தூண்டிற்று.

பிள்ளையின் பிறவிநோய்க்குப் பெற்றோரைப் பழித்தல் தருமமாமோ என்பதே வினா. யாம் இளமையிற் கற்ற மிஷன் பாடசாலையிலும், பிறவிக்குருடன் ஒருவனைக் குறித்துச் சீடர்கள் இவ்வாறே வினாவிய கதையைப் படித்ததுண்டு. ஆதலின் இப்பிழை நம்மவர்க்கு மாத்திரம் உரியதன்று.

முன்னர் நோயின் இயல்பை நோக்குவாம். நமது பரம்பரை இயல்புகள் யாவும் நான்கே எழுத்துக்களால் ஆகிய ஒரு நீண்ட ஏட்டிலே பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வேட்டின் பதினோராம் நிறமூர்த்தத்திலே, ஈமோகுளோபினின் ஒரு கூற்றை ஆக்கும் பரம்பரையலகுகள் ஐந்து வரிசையாயிருக்கின்றன. முதலாவது கரு உண்டான தொடக்க வாரங்களிலும், அடுத்த இரண்டும் கருப்பையிலே சிசு வளருங்காலத்திலும், இறுதி இரண்டும் பிறந்தபின்னும் தொழிற்படும். ஏடு ஒன்றே, எதனை எப்பொழுது வாசிப்பது, எதனை மூடிவைப்பது என்னும் ஒழுங்கினாலேயே சரீரம் வளர்கின்றது. ஐந்தாவது அலகு பழுதுற்றவிடத்தும், பிறந்து சிலமாதம் குறை தோன்றாது. சிசுக்கால ஈமோகுளோபின் அடங்க, நோய் வெளிப்படும்.

எழுத்து மாறப் பொருள் மாறும் என்பதைத் தமிழாசிரியருக்கு எடுத்துரைத்தல் மிகை. சித்திரகவியிலே ஓரெழுத்தை நீக்கி வேறுபொருள் காட்டுவர். திருஞானசம்பந்தரது திருமாலைமாற்றுப் பதிகமோ தலைகீழாக வாசிப்பினும் வேறுபடாது. உடம்பின் ஏடு அப்பேறு பெற்றிலது. இந்தியரிடத்தே காணப்படும் மாற்றமொன்றிலே, இவ்வரிசையின் ஈரிடங்களில் ஏறத்தாழ 830 எழுத்தும் 7,500 எழுத்தும் ஒழிந்துபோக, இடைப்பட்ட 15,500 எழுத்துத் தலைகீழாகத் திரும்பிக் கிடக்கின்றது. அதனால் மூன்றாம் நான்காம் ஐந்தாம் அலகுகள் பயனிழந்தன. ஆயினும் இரண்டாவது அலகு, அடங்கவேண்டிய பருவத்தில் அடங்காது, வாழ்நாள் முழுதும் தொழிற்படுகின்றது. ஆகவே, தாய் தந்தை இருவரிடமிருந்தும் இம்மாற்றத்தைப் பெற்றவருக்கும் நோய் பெரும்பாலும் கடுமை குறைந்தே நிற்கும். கெடுத்த மாற்றமே காவலும் ஆயிற்று!

இன்னும் ஒன்று. கருப்பைக்கால அலகுகள் இரண்டும் ஆதியில் ஒன்றேயாய், கருவின் தொடக்கத்தில் மாத்திரம் தொழிற்பட்டது. குரங்கினத்தோடு நமக்குப் பொதுவாகிய மூதாதையரிலே அது இரட்டித்து, தொழிற்படும் பருவமும் மாறிற்று. பழுதென்று நாம் இகழ்வதும் வளர்ச்சியென்று புகழ்வதும் ஒரு வாயிலாலேயே வந்தன.

தலசீமியாப் பழுதை ஒரு பெற்றோரிடமிருந்து மாத்திரம் பெற்றவர் பெரும்பாலும் சுகமாய் வாழ்வர். மலேரியாவுக்கு ஓரளவு தப்பியுமிருந்தனர். மலேரியா மலிந்த தேசங்களிலே இப்பழுது பெருகியது இதனாலேயாம். 1934-35 இல் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரை மாய்த்த மலேரியா, 2016 இல் இங்கே ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இரத்தத்திலுள்ள பழுதோ ஒழிந்திலது. முன்னோரைக் காத்ததொன்றைப் பெற்றோரின் பாவமென்பது எங்ஙனம்?

செய்தவினை செய்தவனையே சாரும் என்பது சைவசித்தாந்தம். தந்தையின் தீவினை மைந்தன்மேல் ஏறும் என்பது நம் நூற்றுணிபன்று. அங்ஙனமாயின் அது பிள்ளையின் வினையே என்பாருமுளர். அவன் வினையை அறிபவன் இறைவன். நாம் அறியத்தக்கது, பெற்றோர் இருவரும் இப்பழுதை மறைவாய்த் தாங்குவோராயின் ஒவ்வொரு கருவுக்கும் நான்கிலொரு பங்கு நோய் நேரக்கூடும் என்பதே. சாதகம் பொருந்தாது கலியாணம் பேசாத யாழ்ப்பாணத்தார், விவாகத்துக்கு முன் சிறிது இரத்தத்தைச் சோதிப்பிக்க நாணுவதேனோ?

சிசுக்கால அலகை அடக்கும் காரணி ஒன்று 2008 இல் வெளிப்பட்டது. அக்காரணியை என்பு மச்சையின் கலங்களிலே தளர்த்தி, அடங்கிய அலகை மீண்டும் எழுப்பும் சிகிச்சைக்கு 2023 இல் பிரித்தானியா அனுமதி அளித்தது. அதன் விலை நம்மவர்க்கு எட்டாதது. எமது மாணாக்கனுக்கு இன்னும் மாதந்தோறும் இரத்தமே கதி.

சென்ற கிழமை அவ்வம்மையாரைக் கண்டு, அன்று வாளாவிருந்தமைக்கு வருந்தினோம். அவர் அதைப் பற்றி ஒன்றுஞ் சொல்லாது, மகன் தவறவிட்ட பின்னக்கணக்குப் பாடத்தை எப்பொழுது சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேட்டார்.