கடன் வாங்கிய ஜாக்கிரதை

தத்துவக்காரர்களிடம் நெடுங்காலமாக ஒரு கப்பல் இருந்து வருகிறது. ஏதென்ஸ் நகரத்தார் தீசியஸின் கப்பலைக் காப்பாற்றி வந்தார்கள், உளுத்த பலகையை எடுத்துவிட்டு நல்ல பலகையை வைத்துக்கொண்டே போனார்கள், இது அதே கப்பல்தானா என்று வாதிக்கிறவர்களுக்கு அது உதாரணமாகிப் போயிற்று என்று புளூடார்க் எழுதியிருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் ஹாப்ஸ் இன்னொரு முடிச்சைப் போட்டார்: கழித்த பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்திருந்து அதே வரிசையில் வேறொரு கப்பலைக் கட்டிவிட்டால் எது அசல்? மரபு, நவீனம் என்று பேச்சு வந்தால் நம்மில் யாராவது ஒருவர் இந்தக் கப்பலை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திவிடுவார்.

எனக்கு அதன்மேல் ஒரு புகார் உண்டு. அந்த விவாதக் கப்பலில் ஆள் இல்லை. சுக்கானைப் பிடிக்க யாரும் இல்லாமல் கரையில் நிற்கிற ஒரு பொருளைப் பார்த்து இது அதுவா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது ஆண்டுதோறும் டீலோஸ் தீவுக்குப் போய்த் திரும்பிய கப்பல். அது திரும்பும்வரை ஏதென்ஸில் மரண தண்டனை கிடையாது. காற்று எதிர்த்தால் பயணம் நீளும். தீர்ப்புக்குப் பிறகு சாக்ரதேஸுக்குச் சிறையில் கிடைத்த நாட்கள் அந்தக் கப்பல் தந்தவை என்று பிளேட்டோவின் ஃபீடோவில் வருகிறது. அதில் ஓர் எஞ்சின் இருந்திருந்தால் அவர் இன்னும் சீக்கிரம் செத்திருப்பார். பலகையைப் பற்றி இத்தனை பேர் யோசித்திருக்கிறார்கள். காற்றைப் பற்றி யோசித்தவர்கள் குறைவு.

நான் பேச வந்தது எஞ்சினைப் பற்றி. அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாநிலத்தில் சில ஆண்டுகள் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர். அவருடைய சிறிய பாய்மரப் படகில் எஞ்சின் மாற்றும் வேலைக்கு ஒரு வசந்தகாலம் முழுவதும் நான் கையாள். படகு, பியர்சன் கம்பெனி கட்டிய ட்ரைட்டன். சுவீடனில் பிறந்த கார்ல் ஆல்பெர்க் வரைந்தது. இருபத்தெட்டரை அடி நீளம். 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. அதே மாநிலத்து பிரிஸ்டல் ஊரில்தான் கட்டினார்கள். உடல் கண்ணாடி இழை. அந்தப் பொருள் எத்தனை காலம் உழைக்கும் என்று அன்று கட்டினவர்களுக்கே தெரியாது. அரை நூற்றாண்டு தாண்டியும் உடல் அப்படியே கிடக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் சாகிறது. தீசியஸின் கப்பலைச் சட்டை போலத் திருப்பிப் போட்டால் இது.

எஞ்சின், அட்டாமிக் ஃபோர். பெயரில்தான் அணு; மற்றபடி விஸ்கான்சினில் ஆஷ்காஷ் என்ற ஊரில் யுனிவர்சல் கம்பெனி 1940களின் இறுதி முதல் 1980களின் நடுப்பகுதிவரை செய்த, நாலு சிலிண்டர், முப்பது குதிரைச்சக்தி பெட்ரோல் எஞ்சின். படிக்கட்டுக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்திருக்கும். காற்று விழுந்தபோதும், நெருக்கமான துறைக்குள் நுழையும்போதும் மட்டும் அதற்கு வேலை. கடல்நீரையே உள்ளே சுழலவிட்டுக் குளிரவைக்கும் ஏற்பாடு. வார்ப்பிரும்பை உப்பு உள்ளிருந்து தின்றுகொண்டிருக்கும். இது சூடாக இருக்கும்போது அணைத்தால் மறுபடி கிளம்புமா என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும்.

ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட எஞ்சினுக்குத் துணை என்ற பொருளில்தான் பெயர். துணை என்பது நம் மொழியில் லேசான சொல் அல்ல. வழித்துணை, வாழ்க்கைத்துணை என்கிறோம். துணை வந்தபின் போகிறவன் தனியாகப் போன அதே ஆளாக இருப்பதில்லை. இவருக்கும் அதுதான் நடந்திருந்தது; நேர்மாறான வழியில். எஞ்சினை நம்ப முடியாததால் முப்பது வருஷத்தில் அவரிடம் ஒரு நடைமுறை படிந்திருந்தது. துறைக்குள் நுழையும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் பெரிய பாயை இறக்கமாட்டார். முன்பக்கத்தில் நங்கூரம் கட்டவிழ்த்து, கை வைத்தால் விழும்படி இருக்கும். இந்த நிமிஷம் எஞ்சின் நின்றால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதைக் கண் தேடிக்கொண்டே இருக்கும். அந்த விரிகுடாவில் கோடை நாட்களில் காலை அசையாமல் கிடக்கும்; மதியவாக்கில் தென்மேற்கிலிருந்து கடற்காற்று வரும்; மாலையில் பெரும்பாலும் விழுந்துவிடும். அந்தக் காற்றின் வருகையையும் போக்கையும் அவர் தெரிந்துவைத்திருந்த அளவுக்கு நான் ஒரு கவிஞனைக்கூடத் தெரிந்துவைத்திருக்கவில்லை.

வழிகள் மூன்று இருந்தன. பழையதையே பிரித்துச் செப்பனிடலாம். அதற்கு இன்றும் உதிரிப்பாகம் கிடைக்கிறது. புது டீசல் எஞ்சின் வைக்கலாம். அதற்கு ஆகும் செலவில் பாதிக்குக்கூட அந்தப் படகை யாரும் வாங்கமாட்டார்கள். அல்லது எஞ்சினே இல்லாமல் விட்டுவிடலாம். மின்மோட்டாரும் உண்டு, எதிர்நீரோட்டத்தில் மணிக்கணக்காக ஓட அதன் பாட்டரி போதாது என்று அவர் அதைப் பேச்சோடு ஒதுக்கினார்.

மூன்றாவது வழி பைத்தியக்காரத்தனம் அல்ல. ஜோஷுவா ஸ்லோக்கம் 1895 முதல் 1898 வரை ஸ்ப்ரே என்ற படகில் தனியாக உலகைச் சுற்றியது எஞ்சின் இல்லாமல்தான். அந்த ஸ்ப்ரேயும் பலகை பலகையாக மாற்றிக் கட்டப்பட்டது; அது பழைய படகா புதிய படகா என்ற கேள்வியை அவர் தன் புத்தகத்தில் ஓரிரு வரியில் தாண்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். லின், லாரி பார்டி தம்பதிகள் 1968இல் நீரில் இறக்கிய செராஃபின், இருபத்து நாலடிப் படகு, அதுவும் எஞ்சின் இல்லாமல் உலகைச் சுற்றியது. இவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இவர்களை மேற்கோள் காட்டுகிற கரைவாசிகள்மேல் இல்லை. சுத்தம் பேசுகிறவனுக்குப் பின்னால் எங்கேயோ அழுக்குப்பட ஒருவன் இருக்கிறான். காற்று செத்த மாலையில், எஞ்சின் இல்லாதவன் பக்கத்துப் படகைப் பார்த்துக் கயிற்றை வீசுகிறான். அந்தப் பக்கத்துப் படகில் எஞ்சின் இருக்கிறது. பார்டி தம்பதிகளிடம் துடுப்பும் இருந்தது, இஷ்டம்போல் காத்திருக்க நாட்களும் இருந்தன. நாட்கள் இல்லாதவன் சுத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது இன்னொருத்தர் முதுகில் ஏறிய சுத்தம். சுத்த கவிதை பற்றி நாம் போட்ட சண்டைகளில் இந்தக் கயிறு வீசுகிறவனை யாரும் கணக்கில் எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

அவருடைய தயக்கம் வேறு இடத்தில் இருந்தது. திருகாணி ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது சொன்னார்: புது எஞ்சின் ஒழுங்காக ஓடும், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நங்கூரத்தைக் கட்டிவைத்துவிடுவேன், பாயை முன்னாலேயே இறக்கிவிடுவேன். இதுவரை என்னைப் படகோட்டியாக வைத்திருந்தது இந்தக் கோளாறுதான் என்றார்.

இதைத் தட்டிக்கழிக்க முடியாது. அவருடைய ஜாக்கிரதை அவருடையதா, அந்த எஞ்சினிடமிருந்து வாங்கிய கடனா? பழக்கத்தால் குணம் அமைகிறது என்கிறார் அரிஸ்டாட்டில். ஆனால் ஒரு நிர்ப்பந்தம் பழக்கத்தை உண்டாக்கியிருந்தால், நிர்ப்பந்தம் விலகிய மறுநாள் குணம் நிற்குமா? நமக்குத் தெரிந்த உதாரணம் இருக்கிறது. பதினாறு பக்கப் பத்திரிகையில் இடம் இல்லாததால் சொற்செட்டாக எழுதியவர்களை நாம் மெச்சியிருக்கிறோம். பெரிய பத்திரிகை வாராவாரம் பக்கம் ஒதுக்கியதும் அவர்களில் சிலருக்கு என்ன ஆயிற்று என்றும் பார்த்திருக்கிறோம். செட்டு காகிதத்துடையது என்று அப்போதுதான் தெரிந்தது. சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை. யார் எந்த வகை என்பதைச் சிறுபத்திரிகைக்குள் இருந்தபடியே கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆகவே கோளாறைக் காப்பாற்றி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. அப்படிச் செய்கிறவன் தன் குணத்தைச் சோதிக்கப் பயந்து அதை ஓர் இரும்புத் துண்டிடம் அடகு வைக்கிறான். அதைவிட ஸ்தூலமான காரணம் ஒன்றும் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியே போகாது, படகின் அடிவயிற்றில் இறங்கித் தேங்கும். ஒரு பொறி போதும். அதனால் எஞ்சினைக் கிளப்புமுன் ஆவியை வெளியேற்றும் விசிறியை நாலு நிமிஷம் ஓடவிட வேண்டும் என்பது விதி. அவர் ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் அவர் படகில் அவர் மட்டுமா வருகிறார்? கோடையில் ஒன்பது வயதுப் பேத்தி வருவாள். தன்னை விழிப்பாக வைத்துக்கொள்ள ஒருவர் ஆபத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அது என்னவென்றே அறியாத குழந்தையை அதன்மேல் உட்காரவைத்து அந்த விழிப்பைப் பழகக்கூடாது. டீசலிலும் தீப்பிடிக்கும், ஆனால் அந்த வெப்பத்தில் அது வெடிக்கிற ஆவியாகத் தேங்குவதில்லை. இதற்கு மேல் பெரிய தத்துவம் தேவைப்படவில்லை. டீசல் என்று முடிவாயிற்று.

பூம் என்கிற கிடைக்கழியில் கப்பி கட்டி, ஏறத்தாழ நூற்றைம்பது கிலோ இரும்பைப் படிவாசல் வழியாக மேலே தூக்கினோம். உதிரிப்பாகத்துக்காக அதை இன்னொரு பழைய படகுக்காரர் வாங்கிப் போனார், ஹாப்ஸ் சந்தோஷப்பட்டிருப்பார். புதியதன் கால்கள் பழைய மேடையில் பொருந்தவில்லை, மேடையை வெட்டி மறுபடி கட்டினோம். அது அலுப்பான வேலை, விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்தது கடைசிக் கட்டம். எஞ்சினின் தண்டும் புரொப்பெல்லரின் தண்டும் சந்திக்கும் இரண்டு வட்டத் தகடுகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். இடைவெளி வித்தியாசம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று நாலு பங்குக்கு மேல் போகக்கூடாது. இதைக் கரையில் அளந்து முடிக்க முடியாது. கரையில் முட்டுக்கொடுத்து நிற்கிற படகின் உடல் வேறு, தண்ணீர் தாங்குகிற உடல் வேறு. மிதக்கவிட்டதும் அது மயிரிழை அளவுக்கு வளைந்து கொடுக்கிறது. கரையில் உத்தேசமாக வைத்து, நீரில் இறக்கி, சில நாள் ஊறவிட்டு, பிறகு குப்புறப் படுத்து அளந்தோம்.

இன்னொன்று யாரும் யோசிக்காமல் வந்தது. பழைய எஞ்சின் புரொப்பெல்லரை இடப்பக்கமாகச் சுழற்றும். பின்னோக்கிச் செலுத்தினால் படகின் வால் வலது பக்கம் ஒதுங்கும். புதியது நேர்மாறு, வால் இடது பக்கம் போகிறது. முப்பது வருஷமாக வலது பக்கத்துக்கு ஈடுகொடுத்துப் பழகிய கை அவருடையது. முதல் கோடை முழுவதும் மனம் சொன்னதைக் கை கேட்கவில்லை; துறை மேடையில் இரண்டு முறை உரசினார். பேத்தி பழையதைச் செலுத்திப் பழகாதவள், முதல் தடவையே சரியாக நிறுத்தினாள்.

மூன்றாவது கோடையில், நான் அந்த ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின வாரம், மவுண்ட் ஹோப் பாலம்வரை போய்த் திரும்பினோம். எஞ்சின் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. நங்கூரம் கட்டவிழ்த்து முன்பக்கத்தில் தயாராக இருந்தது. பெரிய பாயைத் துறைக்கு வெளியேயே இறக்கிச் சுருட்டிக் கட்டியிருந்தார்.