விருப்பம் யாருடையது?

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம்மவர் இல்லங்களில் ஒரு வினா எழுகின்றது. ‘இவ்வாண்டு எந்த நாட்டுக்குப் போவது?’ என்பதே அவ்வினா. முன்னொரு காலத்தில் இது பட்டணத்துச் செல்வர் மனைகளில் மாத்திரம் கேட்ட பேச்சு. இன்றோ தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்து, பட்டணத்து அடுக்குமாடியில் குடியிருக்கும் தொழிலாளியின் வீட்டிலும் இது கேட்கின்றது. மகிழத்தக்க மாறுதலே. ஆயினும் அவ்வினாவிற்கு நாம் விடை காணும் முறையும் மகிழத்தக்கதுதானா என்று சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும்.

சில திங்களுக்கு முன்னர் அன்பர் ஒருவர் என்னிடம் வந்தார். சீட்டுப் பணமும் மிகைநேர ஊதியமுமாகப் பன்னிரண்டாயிரம் வெள்ளி சேர்த்து வைத்திருந்தார். “இந்தத் தொகைக்கு எந்த நாடு தகும், ஐயா?” என்று வினவினார். “உங்களுக்கு எதைக் காண்பதில் விருப்பம்?” என்று யான் திருப்பிக் கேட்டேன். அவர் திகைத்துப்போனார். வெகுநேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எல்லாரும் எங்கே போகிறார்களோ, அங்கேதான்” என்றார். நாற்பது ஆண்டுகள் உழைத்த மனிதர் அவர். ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று அவரை எவரும் அதுவரை கேட்டதில்லை போலும்.

‘அவரவர் பணம், அவரவர் ஆசை, இதில் அறநூல் ஆராய்ச்சிக்கு இடம் ஏது?’ என்று தோழர் சிலர் நகைக்கக்கூடும். இடம் உண்டு என்பதே எம் கருத்து. ‘என் விருப்பம்’ என்று ஒருவன் கூறும்போது அச்சொல்லுக்குள் எத்தனை அயலாரின் விருப்பம் புகுந்திருக்கின்றது என்பதும், அவ்விருப்பம் நிறைவேறும் பொருட்டு வீட்டில் யாருடைய விருப்பம் கேளாமல் விடப்பட்டது என்பதும் அறத்தைச் சார்ந்த வினாக்களே அல்லவா?

முதற்கண், பிரயாணமே வீண் என்று கூறும் பெரியவர்களுக்கு மறுமொழி கூறிவிடுவோம். ‘ஏழைக்கு உல்லாசம் எதற்கு?’ என்பர் அவர்கள். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினரே, அதுவும் வெளிநாட்டுப் பிரயாணந்தான். போகும் இடத்தை அவர்கள் தேர்ந்தாரில்லை, கங்காணி தேர்ந்தான். தேர்ந்தெடுத்துப் போகும் உரிமை எளிதில் வந்ததன்று. ஓராண்டு உழைத்தவனுக்கு ஊதியத்தோடு குறைந்தது ஆறு வேலைநாள் விடுமுறை வேண்டும் என்னும் உடன்படிக்கையை அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு இயற்றியது 1936ஆம் ஆண்டில்தான். அதே ஆண்டில் பிரெஞ்சு நாட்டில் லியோன் புளூம் தலைமையில் அமைந்த அரசாங்கம், பெரும் வேலைநிறுத்தங்களுக்குப் பின்னர், தொழிலாளருக்கு இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கிற்று. மலேசியாவில் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, இரண்டாண்டு நிரம்பாதவனுக்கு 8 நாள், ஐந்தாண்டு நிரம்பாதவனுக்கு 12 நாள், அதற்கு மேற்பட்டவனுக்கு 16 நாள் உண்டு. சிங்கப்பூரில் முதலாண்டில் 7 நாளாகத் தொடங்கி 14 வரை ஏறும். இந்நாட்கள் எந்த முதலாளியும் இட்ட பிச்சையல்ல. ஆதலின் அவற்றை மனம்போல் செலவிட நமக்கு உரிமை உண்டு. ஆனால் மனம் எது என்பதைத்தான் நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

இங்கு ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வருகின்றது. கூட்டமாக மக்களைச் சேர்த்துக் குறைந்த கட்டணத்தில் வெளியூருக்கு அழைத்துச் செல்லும் தொழிலுக்கு வழிகாட்டியவர் இங்கிலாந்தின் தாமஸ் குக். 1841ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5ஆம் நாள் அவர் ஏறத்தாழ ஐந்நூறு பேரை லெஸ்டர் நகரிலிருந்து லப்பரோ என்னும் ஊருக்குத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலேற்றிச் சென்றார். எதற்காக? மதுவிலக்குக் கூட்டத்திற்காக! அவர் பெயர் தாங்கிய நிறுவனம் 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் கடன் தாளாது முறிந்தது. அது கிடக்க. மதுவை விட்டோர் கூடுவதற்கென்று பிறந்த இம்முறையைக் கொண்டு, நம்மவரில் சிலர் எல்லை கடந்து சயாம் நாட்டு ஊர்களில் மூன்று நாள் குடித்துவிட்டு மீள்வதை உல்லாசப் பிரயாணம் என்கின்றனர். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடப் பாடுபட்ட முன்னோர் இதைக் கண்டால் என்ன சொல்வர்! சரி, இது நம் பொருளுக்குச் சற்றுப் புறம்பு.

விருப்பத்திற்கு வருவோம். நம் பகுதியில் ஒரு குடும்பத்தார் பத்து நாளில் ஏழு நாடு காணும் ஐரோப்பியப் பிரயாணம் ஒன்று மேற்கொண்டனர். சுவிட்ஸர்லாந்தின் யுங்ஃபிராவ் மலைக்கணவாய்க்கு ரயிலில் ஏறினர். அந்த நிலையம் கடல் மட்டத்திற்கு 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. 1912ஆம் ஆண்டு முதல் அங்கே ரயில் செல்கின்றது. கோடைக்காலத்தில் ஒருவருக்குப் போகவர முழுக் கட்டணம் இருநூறு பிராங்கைத் தாண்டும். மேலே என்ன கண்டீர்கள் என்றேன். சினிமாப் பாட்டில் வந்த இடம் என்றனர். அப்பாட்டியோ பேருந்திலேயே உறங்கிவிட்டாராம். வங்கிக் கடனுக்கு மூன்றாண்டுத் தவணை. முதல் தவணை கட்டிய திங்களில் மகனின் தனிவகுப்பு நின்றது. அவ்வீட்டார் நல்லவர்கள், பிறரைக் கெடுத்தாரில்லை. ஆயினும் அப்பிரயாணத்திற்கு விலை கொடுத்தவன் அச்சிறுவன். அவனை எவரும் கலந்து பேசவில்லை.

பனியைக் காண விழைவது குற்றம் என்று யான் கூறுவதாக எவரும் எண்ண வேண்டா. என்றும் கோடையாகிய நாட்டில் பிறந்தவனுக்குப் பனிமேல் ஆசை எழுவது இயற்கை. அதைவிட நேர்மையான ஆசை வேறு இல்லை. அதற்காக ஐந்தாண்டு சிறுகச் சிறுகச் சேர்த்து, ஏழு நாட்டை விட்டு ஒரே ஊரில் ஐந்து நாள் தங்கிப் பனியில் உருண்டு வருபவனை யான் மனமாரப் பாராட்டுவேன். யான் ஐயுறுவது வேறொன்றை. ‘திரும்பி வந்தபின் இதை எவரிடமும் சொல்லக்கூடாது, ஒரு படமும் எடுக்கக்கூடாது என்று விதித்தால், அப்போதும் அவ்விடத்திற்குப் போவேனா?’ என்று ஒருவன் தன்னையே கேட்டுப் பார்க்கட்டும். போவேன் என்று உள்ளம் விடை சொன்னால், அது அவன் விருப்பம். பிறகு பையிலுள்ள தொகையை எண்ணலாம்.

இவ்வாறு எண்ணுவோருக்குத் தொகை அத்துணைப் பெரிய தடையன்று என்பதையும் கூற வேண்டும். பழங்கட்டடங்களில் ஈடுபாடுடையவன் கம்போடியாவின் அங்கோருக்குப் போகலாம். மூன்று நாள் அனுமதிச் சீட்டு 62 அமெரிக்க டாலர். பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. வரலாற்றில் ஆசையுள்ளவனுக்குச் சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்னும் ஊர் இருக்கின்றது. தமிழ் வணிகராகிய ஐந்நூற்றுவர் 1088ஆம் ஆண்டில் பொறித்த கல்வெட்டு அவ்வூரின் அருகில்தான் கிடைத்தது. ஒன்றுமே செய்யாமல் நீரைப் பார்த்துக்கொண்டிருக்க விரும்புவோனுக்கு அதே தீவில் தோபா ஏரி உண்டு. ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் ஒரு விருப்பந்தான். பன்னிரண்டு மணிநேரம் நின்று வேலை செய்பவனுக்கு அதைவிட உயர்ந்தது எது?

பிறர் விருப்பத்தை எடைபோடுவதில் யானும் தவறியதுண்டு. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நண்பர் ஒருவர், பணம் சேர்த்துக்கொண்டு மூணாறு சென்று, தேயிலைச் செடிகளின் நடுவே நின்று படமெடுத்து வந்தார். ‘தேயிலையைப் பார்க்கவா கடல் கடந்தீர்?’ என்று யான் நகையாடினேன். அவர் கோபிக்கவில்லை. “முதுகில் கூடை இல்லாமல் தேயிலைக்குள் நின்றால் எப்படி இருக்கும் என்று பார்க்கச் சின்ன வயதிலிருந்து ஆசை” என்றார். ‘அதை இங்கேயே பார்க்கலாமே’ என்றேன் மீண்டும். “இங்கே நின்றால் கை தானாகவே கிள்ளப் போகிறது” என்றார். அன்று முதல் பிறர் போகும் இடங்களைப் பற்றி நகைப்பதை விட்டேன்.

இனி என் வீட்டுக் குற்றத்தைச் சொல்லிவிடுகின்றேன்.

என் தாயார் முப்பதாண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். நாங்கள் தலையெடுத்து ஊதியம் பெறத் தொடங்கிய பின்னர் அவரை மூன்று முறை வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்றோம். அழைத்துச் சென்றோம் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். ஹாங்காங்கில் நாங்கள் கடைகளில் திரிந்தபோது அவர் வாயிற்படியருகே அமர்ந்து பைகளைக் காத்துக்கொண்டிருந்தார். பாலித்தீவில் பிள்ளைகள் கடலாட, அவர் துணிகளைக் காத்தார். விடுதி அறையில் காலையில் எங்களுக்கு முன் எழுந்து, கொண்டுபோன மின்கேத்தலில் தேநீர் கலக்கியவரும் அவரே. எந்த ஊருக்குப் போவது என்று நாங்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து வாதாடியபோதெல்லாம் அவர் அடுக்களையில் இருந்தார். அவரையும் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கேளாதது கொடுமையால் அன்று. அம்மாவுக்கு என்று தனியாக ஒரு விருப்பம் இருக்கும் என்பதே எங்கள் நினைவில் இல்லை.

2009ஆம் ஆண்டில் என் மகள், அப்போது அவளுக்குப் பத்து வயது, “பாட்டி, உங்களுக்கு எங்கே போக ஆசை?” என்று கேட்டாள். கேட்டவுடனே விடை வந்தது. பலகாலம் ஆயத்தமாய் இருந்த விடை அது.

“சயாமுக்குப் போக வேண்டும். எங்கப்பாவை ஏற்றிக்கொண்டு போன ரயில் எங்கே போய் நின்றதென்று பார்க்க வேண்டும்.”

1943ஆம் ஆண்டில் ஜப்பானியர் தோட்டத்து ஆண்களைச் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்கு இழுத்துச் சென்றபோது என் தாயாருக்கு வயது மூன்று. போனவர் மீளவில்லை. கடிதமும் இல்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை 1942இல் தொடங்கி 1943ஆம் ஆண்டு அக்டோபரில் முடித்தனர். அங்கே மாண்ட ஆசியத் தொழிலாளர் தொகை, மாண்ட போர்க்கைதிகளின் தொகையைப் பன்மடங்கு விஞ்சியது. அவர்களுள் நம் தோட்டத்துத் தமிழர் மிகப் பலர்.

விடுமுறையில் போய்ச் சாவூரைப் பார்ப்பதா என்று என் தம்பி முணுமுணுத்தான். எனினும் போனோம். அக்காலத்தில் பட்டர்வொர்த்திலிருந்து பாங்காக்குக்கு நேர் இரவு வண்டி இருந்தது; பின்னர் அதற்குப் பாடாங் பெசார் போய் ஏற வேண்டியதாயிற்று. பாங்காக்கில் ஒரு நாள் தங்கி, மறுநாட் காலை தோன்புரி நிலையத்தில் மூன்றாம் வகுப்பு வண்டியில் ஏறினோம். ஹாங்காங் பயணத்திற்குச் செலவானதில் மூன்றில் ஒரு பங்கும் ஆகவில்லை.

காஞ்சனபுரியில் இறங்கிப் போர் வீரர் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றோம். ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள். வெட்டிய புல், வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த பலகைகள். “தாத்தா பேர் இருக்கிறதா, பார்” என்றார் தாயார். அவை போர்க்கைதிகளாயிருந்த வெள்ளையருடைய கல்லறைகள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அவர் சொன்னபடி வரிசை வரிசையாகப் படித்துக்கொண்டு நடந்தேன். அரைமணி நேரத்திற்குப் பின்னர், “போதும் வா, வெயிலாயிருக்கிறது” என்று அவரே அழைத்தார்.

அடுத்த நாள் நாம் தோக் வரை வண்டியேறினோம். ஆற்றை ஒட்டிச் செங்குத்தான பாறையின் ஓரமாக மரத்தாலான பாலத்தின்மேல் வண்டி ஊர்ந்து செல்கின்றது. சன்னலுக்கு வெளியே கைநீட்டினால் தொடும் அண்மையில் பாறை. வெள்ளைக்காரப் பிரயாணிகள் எழுந்து நின்று படமெடுத்தனர். தாயார் சன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பாறையையே பார்த்திருந்தார். அழவில்லை. “இதையெல்லாம் கையாலா வெட்டினார்கள்?” என்று மாத்திரம் கேட்டார்.

நாம் தோக்கில் வண்டி நின்றது. எல்லாரும் இறங்கினர். “இவ்வளவுதானா? இதற்கு அப்பால்?” என்றார். அப்பால் தண்டவாளத்தைப் போருக்குப் பின்னர் அகற்றிவிட்டார்கள் என்றேன். பாதை முடியும் திசையில் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு வந்து நிழலில் அமர்ந்தார். என் மகள் வாழைக்காய்ப் பொரியல் வாங்கி வந்தாள். அதைத் தின்றுகொண்டே, இந்த ஊர் மிளகாய் நல்ல காரம் என்று கேள்விப்பட்டிருப்பதாகவும், வீட்டுக்குக் கொஞ்சம் வாங்க வேண்டுமென்றும் சொன்னார். அன்று பைகளை யான் சுமந்தேன்.

திரும்பும் வண்டியில் மகள் பழைய கேள்வியை மீண்டும் கேட்டாள். “பாட்டி, அடுத்த வருடம் எங்கே போகலாம்?”

இம்முறை விடை உடனே வரவில்லை. தாயார் சன்னல் வழியே கரும்புக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அதுகாறும் யான் காணாத ஒரு மும்முரம் இருந்தது. கடையில் சேலை தேர்ந்தெடுப்பவர்களிடம் காணும் மும்முரம்.

“அவசரப்படுத்தாதே” என்றார். “யோசித்துச் சொல்கிறேன்.”