பழுது எந்த ராமில்?

சென்னைக்கு வடக்கே புழலில் ஆதிநாதருக்குப் பழமையான சமணக் கோயில் ஒன்று உண்டு. 24 தீர்த்தங்கரர்களில் அவரே முதல்வர். அந்தச் சமயத்தின் தலையாய கொள்கைகளில் ஒன்று அநேகாந்தவாதம். ஒரு பொருளைப் பற்றி எதைச் சொன்னாலும், எந்த நிலையில் வைத்துச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். 'அப்படியும் இருக்கலாம், இப்படியும் இருக்கலாம்' என்று நழுவுகிற பேச்சு இது என்று நினைப்பவர்கள் பலர். கம்ப்யூட்டரில் ராம் கூட்டிய பிறகு வரும் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறையைக் கவனித்தால், நழுவலுக்கு நேர் எதிரானது இது என்பது விளங்கும்.

8 ஜிபி ராம் உள்ள மெஷினில் இன்னொரு 8 ஜிபி செருகியதும் நீலத்திரை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'புது ராம் பழுது' என்பதுதான் முதல் தீர்ப்பு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் அது இருக்கலாம். பழையதைத் தனியாகப் போட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஓட்டினால் பிழை இல்லை. அதே ஸ்லாட்டில் புதியதைத் தனியாகப் போட்டாலும் இல்லை. அடுத்த ஸ்லாட்டிலும் இரண்டும் தனித்தனியே தேறுகின்றன. சேர்த்துப் போட்டால்தான் பிழை. பயாஸில், ராமைக் கூடுதல் வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்து, வேகத்தை 3200இலிருந்து 2400க்கு இறக்கினால் அதுவும் போய்விடுகிறது. இப்போது பழுது எந்த ராமில்? இரண்டிலும் இல்லை. இந்த இரண்டும், இந்த மதர்போர்டில், அந்த வேகத்தில் சேர்கிறபோது மட்டுமே அது இருக்கிறது. நிபந்தனையை விட்டுச் சொன்னால் பொய்யாகிற கூற்று, நிபந்தனையோடு சொன்னால் யாரும் சோதித்துப் பார்க்கக்கூடிய உண்மையாகிறது.

பிரம்மசூத்திர உரையில் சங்கரர் அநேகாந்தவாதத்தை மறுக்கிறார். குளிரும் வெப்பமும் போல எதிரெதிரான தன்மைகள் ஒரே பொருளில் ஒருசேர இருக்க முடியாது என்பது அவர் வாதம். ஒரே நிலையில் இரண்டும் உண்டு என்று சொன்னால் அந்த மறுப்பு சரியே. ஆனால் தனியாகத் தேறுவதும் சேர்ந்தால் தவறுவதும் வெவ்வேறு நிலைகள். அங்கே முரண்பாடு இல்லை. 'அப்படியானால் செத்த ராம் என்று ஒன்றே கிடையாதா?' என்று கேட்கலாம். உண்டு. எந்த மதர்போர்டில், எந்த வேகத்தில் தனியாகப் போட்டாலும் பிழை காட்டுகிற ராமைப் பழுது என்று சொல்ல அநேகாந்தம் தடை சொல்லாது. அந்த நிலைகளையெல்லாம் பார்த்துவிட்டுச் சொல் என்றுதான் கேட்கும். வாரண்டிக்கு அனுப்பும்போது 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதுபவரைவிட எந்த ஸ்லாட், எந்த வேகம், எதனோடு சேர்ந்தபோது என்று எழுதுபவரே உறுதியாகப் பேசுகிறார். அவர் சொல்வது தவறானால், எங்கே தவறு என்பதையும் காட்டிவிட முடியும்.