கரைமரம் யாருக்குரியது?

அமெரிக்காவின் வடமேற்கு நடுவணரசுக் காடுகளில், 1994ஆம் ஆண்டு வனத்திட்டம் மீனுள்ள ஓடைகளின் இருபுறமும் குறைந்தது 300 அடி அகலக் கரைக்காட்டைக் காப்புக்கு ஒதுக்கியபோது, வரைபடத்தில் விழுந்த அந்தக் கோடு உடைமை பற்றிய பழைய வினாவையும் எழுப்பியது. நிழலால் நீரைக் குளிர்வித்து, சாய்ந்தபின் கட்டையாகக் கிடந்து, நீர் குடையும் மடுவில் சால்மன் குஞ்சுகளுக்கு ஒதுங்கிடம் தரும் மரத்தை வெறும் வெட்டுமரம் என்பது எவ்வாறு? (அக்கட்டைகளைக் குப்பையென ஒரு காலத்தில் அகற்றிய வனத்துறையினரே பின்னாளில் பொருள் செலவிட்டு மீண்டும் இட்டனர்.) முட்டையிட்டு மடியும் சால்மன் கடலிலிருந்து கொணரும் நைட்ரஜன் என்னும் உரச்சத்து கரைமரங்களின் இலைகளிலும் காணப்படுவதால், கொடுப்பவர், கொள்பவர் என்னும் பகுப்பே தளர்கிறது. பருவத்தின் முதல் சால்மனை உண்டு எலும்புகளை ஆற்றுக்கே திருப்பியளிக்கும் அப்பகுதிப் பழங்குடியினரின் சடங்கு, மீனை உடைமையாக அன்றி, மதிப்புக் குன்றினால் மறுமுறை வாராத விருந்தினராகவே கொள்கிறது.